இல்லற இயைபும் முதுமை நலமும்

மக்கட் பிறவி எய்தினார்க்கு உரிய பருவங்களுள், பிறர் துணையின்றி நிற்கலாகாத பருவங்கள் குழவிப் பருவமும் முதுமைப் பருவமுமாம். இடைப்பட்ட பருவங்களில் உடல் வலியும் பொருளீட்டமும் தொழிலும் ஒருவனைத் தாங்கி நிற்றலின், மனையகத்து உண்டாகிய குறை அவன் கண்ணுக்கு எளிதிற் புலனாவதில்லை. காலையிற் புறப்பட்டு மாலையில் மீள்வானொருவன், இல்லாளொடு முகங்கொடுத்துப் பேசாதிருப்பினும் பகற்பொழுது அவனுக்குக் கழிந்தே போம். முதுமை வந்துழி அத்தாங்கல்கள் ஒவ்வொன்றாய் விலகுகின்றன. அலுவல் நீங்குகின்றது, மக்கள் பிழைப்பு நாடி வேற்றூர் செல்கின்றனர், கண்ணொளி மழுங்குகின்றது, நடை தளர்கின்றது. எஞ்சி நிற்பார் கணவனும் மனைவியுமாகிய இருவரே. அவ்விருவரிடை நாற்பதாண்டு ஐம்பதாண்டாக வளர்ந்து வந்த உறவு எத்தன்மைத்தோ, அவர்தம் முதுமையும் பெரும்பாலும் அத்தன்மைத்தாகவே அமைகின்றது.

கடலூரினின்றும் சிதம்பரஞ் செல்லும் இருப்புப் பாதை செம்மங்குப்பம் முதலிய சிற்றூர்களின் வழியே செல்கின்றது. இவ்வூர்களில் இளைஞர் அணித்தேயுள்ள தொழிற்சாலைகளுக்கும், சென்னை முதலிய பெருநகரங்களுக்கும், கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றுவிடுதலின், பகற்காலத்தே வீட்டைக் காத்திருப்பார் பலர் முதியவரே. தமிழகத்து ஊர்கள் பலவற்றின் நிலையும் இதுவே. 2011-ஆம் ஆண்டின் குடிக்கணக்கின்படி இந்திய நாட்டில் அறுபதாண்டு நிரம்பினார் தொகை ஏறத்தாழப் பத்துக் கோடியே முப்பத்தெட்டு இலட்சமாம். அத்தொகை பின்னும் பெருகி வருகின்றது. இவர்க்கு உணவும் மருந்தும் வேண்டுமென்பதை யாவரும் அறிவர். ஆயின் ஒரே கூரையின்கீழ் வாழும் முதியோர் இருவர் ஒருவர்க்கொருவர் மருந்தாவரோ நோயாவரோ என்னும் வினா, உணவினும் மருந்தினும் குறைந்ததன்று.

அவ்வினாவிற்கு விடை காணுமுன், நல்ல இல்லறம் என்பது யாது என ஆராய்தல் வேண்டும். கணவன் மனைவியர்பால் ஒரு குற்றமும் நிகழாமையே நல்லில்லறம் என்பர் ஒரு சாரார். பிரியாது நெடுங்காலம் உடனுறைதலே நல்லில்லறம் என்பர் மற்றொரு சாரார். இன்ப நுகர்ச்சி குறைவின்றி நடைபெறுதலே நல்லில்லறம் என்பர் வேறு சிலர். இம்மூன்றும் பொருந்துமாவென்று நோக்கின், குற்றமே நிகழாத மனை உலகில் அரிது. ஆகவே முதற்கூற்று இல்லறத்தையே இல்லையாக்கும். நெடுங்காலம் உடனுறைந்தும் பகைவர்போல வாழ்வார் பலராதலின் இரண்டாவது பொருந்தாது. நுகர்ச்சி இளமையோடு தேய்வதாகலின் மூன்றாவது முதுமைக்கண் உதவாது. அங்ஙனமாயின் முதுமைவரை நின்று பயன்றருவது யாது? அதனை இப்பாதை சென்றடையும் தில்லைப் பதியிலே வாழ்ந்த ஓர் ஏழைத் தம்பதியர் வரலாறு ஐயமறக் காட்டுகின்றது.

சுந்தரமூர்த்தி நாயனார் தாம் அருளிய திருத்தொண்டத் தொகையில், தில்லைவாழ் அந்தணரை முதற்கண் போற்றி, அவர்க்கு அடுத்து, தனியடியாருள் முதல்வராகத் திருநீலகண்டத்துக் குயவனாரை வைத்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் விளங்கிய சேக்கிழார் அவர்தம் வரலாற்றைப் பெரிய புராணத்தில் விரித்துரைத்தனர். அரசரையும் அமைச்சரையும் படைத்தலைவரையும் முன்வைக்காது, மண் பிசைந்து கலம் வனையும் ஒருவரை, அதனினும் பெண் பொருட்டுப் பிழை செய்த ஒருவரைத் தனியடியார் வரிசையின் தலையில் நிறுத்தியது எதன் பொருட்டு என்பது சிந்திக்கற்பாலது.

குயவனார் சிவனடியார்க்குத் திருவோடு வனைந்து கொடுத்தலைத் தம் பணியாகக் கொண்டவர். இளமைக்கண் அவர் ஒரு பரத்தையின் மனையிற் சென்று மீண்டனர். அதனை அறிந்த மனைவியார், மனைக்கடன்கள் யாவும் வழுவாது செய்துவந்தும், உடனுறைவிற்கு இசைந்திலர். ஊடல் தீர்க்க வேண்டி நாயனார் அணுகித் தீண்டப் புக்கபோது, தீண்டலாகாதெனத் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டனர். அவ்வாணையில் அம்மையார் 'என்னை' என்னாது 'எம்மை' எனப் பன்மையாற் கூறினர். தம் உயிரினும் மேலாக நாயனார் போற்றிய இறைவன் திருப்பெயர் அஃதாதலின், அவர் அஞ்சி விலகி, அப்பன்மைச் சொல்லின் பொருளையும் முற்றக் கொண்டு, அம்மையாரையேயன்றிப் பெண்பாலார் எவரையும் மனத்தினாலும் தீண்டேன் என உறுதி பூண்டனர்.

அன்றுதொட்டு இருவரும் ஒரே சிறு மனையில், அயலார் அறியாவண்ணம், தீண்டுதலின்றி வாழ்ந்தனர். இளமை கழிந்தது, மூப்பு வந்து இருவரும் தளர்ந்தனர், இறைவன்பால் வைத்த அன்போ தளர்ந்ததில்லை. அந்நிலையிற் சிவபெருமான் ஒரு சிவயோகியாராக எழுந்தருளி, ஓர் ஓட்டினை அவர்பால் அடைக்கலமாகக் கொடுத்து, பின்னர் அதனை மறைத்து, மீண்டு வந்து கேட்டருளினர். ஓடு காணாது போயிற்று. புதிய ஓடு தருவதாக நாயனார் இரந்தும் யோகியார் கொள்ளாராய், களவில்லையேல் மகனைக் கைப்பற்றிக் குளத்தில் மூழ்குக என்றனர். மகனில்லை என்றபோது, மனைவியைக் கைப்பற்றி மூழ்குக என்றனர். அதற்கியலாத ஒரு சபதம் எம்மிடை உளது என்றார் நாயனார். வழக்குத் தில்லைவாழ் அந்தணர் அவையிற் சென்றது. அவையத்தாரும் மூழ்குதலே முறை என்றனர்.

நாயனார் திருப்புலீச்சரத்தின் முன்னுள்ள குளத்தை அடைந்து, ஒரு மூங்கில் தண்டின் ஒருதலையைத் தாமும் மறுதலையை அம்மையாரும் பற்றி இறங்கினர். யோகியார், கோலை விட்டுக் கையைப் பற்றுக என வற்புறுத்தினர். அதுகாறும் எவரும் அறியாதிருந்த பழைய செய்தியை, ஊரார் யாவரும் கேட்ப நாயனார் அப்பொழுது எடுத்துரைத்தனர், உரைத்து மூழ்கினர். எழும்போது இருவர்பாலும் மூப்பு நீங்கி இளமை வந்து எய்தியிருந்தது. அத்திருக்கோயில் இன்றும் சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் என்னும் பெயரால் விளங்குகின்றது. நாயனார் குருபூசை தை விசாகத்தில் நிகழ்வதாம்.

இவ்வரலாற்றைப் புலனடக்கத்திற்கு எடுத்துக்காட்டாக மட்டும் கொள்வார் உளர். அது பொருந்துவதே, ஆயினும் அவ்வளவில் நில்லாது, இல்லறத்தின் இயல்பு கூறும் வரலாறாகவும் இதனைக் கொள்ளுதல் தகும். ஈண்டுக் கருதத்தக்கன நான்கு.

முதலாவது, மனைவியின் சொல் கணவனால் மதிக்கப்பட்டமை. பிழை செய்தவர் கணவர், மறுத்தவர் மனைவி. அம்மறுப்பை வலிமையாற் கடத்தலும், உறவினரைக் கூட்டி வந்து அடக்குதலும், வேறு மனை கொள்ளுதலும் உலகிற் பலர் செய்வனவே. நாயனார் அவற்றுள் ஒன்றும் செய்திலர். மனைவியின் ஒரு சொல்லை, இறைவன் ஆணையாகவே ஏற்று, வாழ்நாள் முழுதும் காத்தனர். பெரிய புராணம் அம்மையாரின் பெயரைக் கூறிற்றில்லை. ஆயின் அவர் சொல்லின் மேலேயே அவ்வரலாறு முழுதும் நிற்கின்றது.

இரண்டாவது, சினம் பணியை அழியாமை. அம்மையார் உடனுறைவு ஒழிந்தனரேயன்றி, மனைக்கடன் ஒழிந்திலர். கணவர் பிழையை ஊரறியத் தூற்றித் தம் நெஞ்சின் புண்ணை ஆற்றிக்கொள்ளவும் முயன்றிலர். நாயனாரும் மனைவி தம்மை விலக்கினாள் என்னும் வெறுப்பால் அடியார் பணியை நெகிழவிட்டிலர். இருவரிடை இடைவெளி இருந்தது, பகை இருந்ததில்லை. இடைவெளிக்கும் பகைக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமையே பல மனைகளின் கேட்டிற்குக் காரணம்.

மூன்றாவது, இழப்பு இழப்பாகவே நின்றமை. மகனில்லை என நாயனார் கூறிய சிறு மொழியில், ஒரு வாழ்நாளின் வறுமை அடங்கியிருக்கின்றது. ஒருநாட் பிழை இருவரின் இளமையையும் கொண்டு சென்றது. இதனைச் சேக்கிழார் மறைத்திலர். புலன் வென்ற பெருமை ஒன்றே இறைவன் திருவுள்ளத்திற்கு அமைவதாயின், அவர்களை மூத்த உருவத்தோடே ஆட்கொண்டிருக்கலாம். அங்ஙனமன்றி, இழந்த இளமையை மீட்டுக் கொடுத்தே ஆட்கொண்டனர். ஆகவே கணவன் மனைவியர் இயைந்து வாழும் வாழ்வு இழக்கத்தக்கதோர் எளிய பொருளன்று, இறைவனே மீட்டளித்தற்கு உரிய பொருள் என்பது இதனாற் பெறப்படும்.

நான்காவது, வாய்மை வெளிப்பட்டமை. அவ்வொழுக்கம் நெடுங்காலம் மறைவாகவே காக்கப்பட்டது. காத்தது இருவர்க்கும் பெருமையே. எனினும், மறைத்துக் காத்த அளவில் மூப்பு நீங்கிற்றில்லை. தாம் செய்த பிழையைத் தம் வாயாலேயே, ஊரவர் முன்னே, மனைவியார் கேட்டு நிற்ப நாயனார் உரைத்த பின்னரே நீங்கிற்று. குற்றம் உடையார் அதனைத் தம்முடையதென ஒப்புக்கொள்ளும்போது, குற்றத்தைத் தாங்கினவரின் சுமை இறங்குகின்றது. இருவரிடை நின்ற மூங்கில் தண்டு, அவர்களைப் பிரித்த பொருளுமாம், இணைத்த பொருளுமாம். இரு தலையையும் இருவரும் விடாது பற்றியிருந்தமையாலேயே இருவரும் ஒருங்கு மூழ்கி ஒருங்கு எழுந்தனர்.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். ஒருமுறை நிகழ்ந்த பிழைக்கு வாழ்நாள் அளவும் மறுத்தல் அம்மையார்க்குத் தகுமோ, பொறுத்தலன்றோ இல்லாட்கு அணி என்பதே அது. பொறை சிறந்த அறமே. ஆயின் பொறுக்குமாறு பிறரைக் கட்டாயப்படுத்துதல் அறமன்று. புண்பட்டவரே பொறுத்தற்குரியார், புண்படுத்தினவர் அதனை உரிமையாகக் கேட்டற்குரியரல்லர். நாயனார் கேட்டுப் பெறாதது பற்றி முறையிடாது நின்றமையே அவர் திருந்தினமைக்குச் சான்று. அம்மையார் வன்கண்மை உடையராயின், முதுமையிற் குளக்கரைக்கு வந்து தண்டின் மறுதலையைப் பற்றியிருத்தல் இயலாது. ஆதலின் அவர் மறுப்பு வெறுப்பினாற் பிறந்ததன்று, தம் மதிப்பினைக் காத்தலிற் பிறந்தது என்று கொள்ளுதலே பொருந்தும்.

இனி, இற்றைநாள் ஆராய்ச்சியாளர் மேனாடுகளிற் கண்டனவும் இதனோடு ஒத்து நிற்றல் நோக்கற்பாலது. அமெரிக்க நாட்டு ஆர்வர்டு பல்கலைக்கழகத்தார் 1938-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சியொன்று, ஆடவர் எழுநூற்றிருபத்துநால்வரை இளமைமுதல் முதுமைவரை தொடர்ந்து நோக்கி வந்தது. ஐம்பதாம் அகவையில் தம் உறவுகளில் நிறைவு கண்டவரே எண்பதாம் அகவையில் உடல்நலத்தோடு இருந்தனர் என்பதும், குருதியிலுள்ள கொழுப்பின் அளவினும் உறவின் நிறைவே பின்னாள் நலத்தை முன்னறிவித்தது என்பதும் அவர் கண்ட முடிபுகள். அவருள் எண்பது கடந்த தம்பதியர் நாற்பத்தெழுவர் இணைகளை நாடோறும் வினாவி ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட செய்தி இன்னும் நுண்ணியது. உடல் நோவு மிக்க நாட்களில், மணவாழ்வில் நிறைவுடையார்க்கு மனமகிழ்ச்சி குன்றிற்றில்லை. நிறைவில்லார்க்கோ உடல் நோவோடு மன நோவும் கூடிற்று. முதுமையில் நோயைத் தவிர்த்தல் எவர்க்கும் இயலாது. அந்நோய் ஒன்றாய் நிற்பதோ இரண்டாய்ப் பெருகுவதோ மனையின் இயல்பைப் பொறுத்தது.

அந்நாட்டிலேயே முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு தம்பதியரிடம் 2009-இல் திரட்டிய செய்திகளைக் கொண்டு 2014-இல் வெளிவந்த ஆராய்ச்சி மற்றொன்று. அவர்களுள் ஒருவரேனும் அறுபதாண்டு நிரம்பினவர். மணமாகிச் சராசரி முப்பத்தொன்பது ஆண்டு கழிந்தவர். கணவன் தன் மணவாழ்வில் அத்துணை நிறைவு பெறாதிருப்பினும், மனைவி நிறைவுடையளாயின் அவன் வாழ்க்கை மகிழ்ச்சியுடையதாகவே இருந்தது என்பது அதனாற் புலனாயிற்று. நிறைவுற்ற மனைவி கணவனைப் பலவாற்றானும் பேணுதலே இதற்குக் காரணமெனக் கருதினர். அவ்வாராய்ச்சியே வேறொன்றும் கூறிற்று. கணவன் நோயுற்றபோது மனைவியின் மகிழ்ச்சி குறைந்தது; மனைவி நோயுற்றபோது கணவனின் மகிழ்ச்சி அங்ஙனம் குறைந்ததில்லை. நோய்க்காலத்துச் சுமை யார் தோளில் மிகுதியும் ஏறுகின்றது என்பதை இவ்வொரு செய்தி வெளிப்படையாகக் காட்டும். ஆடவர் இதனைப் படித்து மகிழ்தற்கு இடமில்லை, நாணுதற்கே இடமுண்டு.

இரு பொருள் உடன்நிகழ்தல் கண்டவளவில், ஒன்று மற்றொன்றிற்குக் காரணம் எனத் துணிதல் அளவை நூல் அறிந்தார் செயலன்று. உடல் நலமுடையார்க்கு இனிய உறவும் எளிதாதல் கூடும். வறுமை உடலையும் உறவையும் ஒருங்கே கெடுத்தலும் கூடும். ஆயினும் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வையத்தை ஓரளவு களைகின்றது. அவர்கள் தம்பதியர் நாற்பத்திருவர் இணைகளின் முன்கையிற் சிறு கொப்புளப் புண்களை உண்டாக்கி, ஒருமுறை அன்போடு பேசச்செய்தும் ஒருமுறை மாறுபட்ட பொருளைப் பற்றிப் பேசச்செய்தும், புண் ஆறும் நாளை அளந்தனர். மாறுபட்டுப் பேசியபின் புண் ஆறுதற்குக் காலம் மிகுந்தது. ஒருவரையொருவர் பகைத்துப் பேசும் இயல்பினார்க்கோ இன்னும் மிகுந்தது. ஈண்டு ஆளும் ஒருவரே, உடலும் ஒன்றே, வேறுபட்டது சொல்லே. ஆகலின் நாவினாற் சுட்ட வடு நெஞ்சளவில் நில்லாது ஊனையும் பற்றும் என்பது தெளிவாம்.

இஃது எங்ஙனம் நிகழும் என்பதற்குச் சைவ சித்தாந்தம் வகுத்த உயிரிலக்கணம் விடை தருகின்றது. உயிர் தனித்து நில்லாது. எதனைச் சார்ந்ததோ அதன் வண்ணமாம். பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுதல் போல, உயிரும் உடலொடு சார்ந்து உடலின் இயல்பையும், மலத்தொடு சார்ந்து அறியாமையையும், இறைவனைச் சார்ந்து அறிவையும் விளக்கி நிற்கும். மெய்கண்ட தேவர் முதலிய சந்தான ஆசிரியர் இவ்வுண்மையை விளக்கியருளினர். அவருள் உமாபதி சிவனார் தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் உறைந்தவர். உயிரின் இயல்பு இதுவாயின், நாற்பதாண்டு ஒருவரையொருவர் அடுத்து வாழும் இரண்டு உயிர்களும் ஒன்றன் நிறத்தை மற்றொன்று ஏற்றல் வியப்பன்று. நாடோறும் கடுஞ்சொல்லைச் சார்ந்த உயிரின் மனம் முதலிய அந்தக்கரணங்கள் கலங்கும். கரணங்கள் கலங்கவே அவற்றிற்கு இடமாகிய உடலும் தளரும். நாடோறும் பரிவைச் சார்ந்த உயிர்க்கு அவை தெளிந்து நிற்கும். முதுமை புதிதாக ஒன்றைக் கொணர்வதன்று. சார்ந்து வந்ததனை வெளிப்படுத்துவதே.

அற்றேல், முதுமை பற்றறுதற்குரிய காலமன்றோ, அப்பருவத்தும் மனைவி மக்கள்பால் அன்பை வளர்த்தல் பாசத்தைப் பெருக்குவதாகாதோ எனின், ஆகாது. பாசமாவது 'யான்', 'எனது' என்னும் செருக்கோடு கூடிய பற்று. மனைவியைத் தன் உடைமையாகவும் கணவனைத் தன் நுகர்பொருளாகவும் கருதும் அன்பு அச்செருக்கைப் பெருக்குமாதலின் பாசமேயாம். தன்னை அடக்கிப் பிறர் குறிப்பறிந்து பணிசெய்யும் அன்போ அச்செருக்கைத் தேய்ப்பது. அடியார்தொண்டு செய்வார்க்கு வேண்டும் பழக்கமும் அதுவே. மனையகத்து ஒருவர் முன் பணியாத முடி, திருக்கோயிலில் வணங்கினும் உள்ளே நிமிர்ந்தே நிற்கும். நாயன்மாருள் மிகப் பலர் இல்லறத்தாராய் இருந்து வீடு பெற்றமையும், இளையான்குடி மாறனாரின் நள்ளிரவு விருந்தும் குங்கிலியக் கலயனாரின் தொண்டும் மனைவியரின் துணையின்றி முற்றாமையும் இதற்குச் சான்று. தொல்காப்பியனாரும், காமம் நுகர்ந்து முடிந்த கடைக்காலத்தே மக்களோடும் சுற்றத்தோடும் கூடித் தலைவனும் தலைவியும் சிறந்ததனைப் பயிலுதலே கடந்த வாழ்வின் பயன் எனக் கற்பியலிற் கூறினர். தலைவனைத் தனித்துச் செல்லுமாறு அவர் கூறாது இருவரையும் சேர்த்துக் கூறினமை கருதத்தக்கது.

இனி, முதுமையின் நலம் மணவாழ்வு ஒன்றனாலேயே வரும் என்பதும் கொள்ளத்தக்கதன்று. கடலூர் நாட்டுத் திருவாமூரிற் பிறந்த திலகவதியார்க்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாய்ந்தனர். அம்மையார் மணமின்றியே திருவதிகை வீரட்டானத்திற் பணிசெய்து வாழ்ந்து, தம்பியாராகிய திருநாவுக்கரசரை உலகிற்குத் தந்தனர். காரைக்கால் அம்மையாரைக் கணவன் பிரிந்து சென்று வேறு மணம் புரிந்தனன். அம்மையாரின் நிறைவு அவனோடு கூடியிருத்தலால் வந்ததன்று. ஆகவே மணமாகாதாரும், துணையை இழந்தாரும், துணையாற் கைவிடப்பட்டாரும் குறையுடையார் எனக் கருதுதல் பிழை. உயிர்க்கு நற்சார்பு வேண்டும் என்பதே துணிபு. அச்சார்பு மனையிற் கிட்டாதார்க்குத் தொண்டிலும் உடன்பிறப்பிலும் நட்பிலும் கிட்டும்.

மேலும், மனையின் அமைதி என்னும் பெயரால் அடியும் வசையும் பொறுத்திருக்க வேண்டுமெனப் பெண்டிர்க்கு அறிவுரை கூறுவாரும் உளர். தில்லை வரலாறு அதற்கு இடந்தருவதன்று. அங்கே அமைதி மனைவியை அடக்கி உண்டாக்கப்பட்டதன்று. கணவர் தம்மை அடக்கி உண்டாக்கியது. கொடுமை நிகழும் மனையில் முதற்கண் வேண்டுவது காவலே. அது கருதியே இந்திய நாட்டில் 2005-ஆம் ஆண்டில் மனையகத்துக் கொடுமையினின்றும் பெண்டிரைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. ஐம்பதாண்டு உடனிருந்தனர் என்னும் கணக்கு, அவ்வைம்பதாண்டும் ஒருவர் அஞ்சியே வாழ்ந்திருப்பின், பெருமையாகாது.

இல்லறத்தின் இயல்பு இதுவென அறிந்தார் முதுமை வருமுன்னரே செய்யத்தக்கன சில உள. பிழை செய்தால் அதனை அன்றே ஒப்புக்கொள்ளுதல் ஒன்று. பிழையை நாளைக்கு எனத் தள்ளினார்க்கு இளமை காத்திராது என்பதையன்றோ குயவனார் வரலாறு காட்டுகின்றது! மக்களைத் தூதாக வைத்து ஒருவர்க்கொருவர் பேசுதலை ஒழித்தல் மற்றொன்று. அதனால் மக்களும் ஒரு பக்கம் சாயவேண்டியவராய்த் துன்புறுவர். அலுவலினின்றும் ஓய்வு பெற்ற கணவன், மனைவிக்கு ஓய்வு தரும் நாள் எதுவென்று எண்ணிப்பார்த்தல் இன்னொன்று. அறுபதாண்டு நிரம்பியும் அவள் அடுப்பங்கரையினின்றும் ஓய்வு பெற்றிலள். அவள் நோயுற்ற நாளில் கஞ்சி காய்ச்சவும், மருந்தை நேரமறிந்து கொடுக்கவும், இரவில் விழித்திருக்கவும் அறியாத ஆடவன், ஆண்டுதோறும் எத்தலங்களைச் சென்று வழிபடினும் தன் மனையிலுள்ள உயிரை வழிபட்டிலன்.

மாயவரத்தை அடுத்த திருக்கடவூரில், மார்க்கண்டேயர் பொருட்டு இறைவன் காலனைக் கடிந்த திருக்கோயிலிலே, அறுபதும் எழுபதும் எண்பதும் நிரம்பிய முதியோர் மனைவியரோடு சென்று மணிவிழா முதலிய விழாக்கள் எடுத்தல் வழக்கம். மக்களும் பேரரும் சூழ்ந்திருப்ப, கணவன் மீண்டும் மனைவிக்குத் தாலி கட்டுகின்றான். அழகியதொரு வழக்கமே. ஆயின் முதல் தாலி கட்டியபோது இருவரும் ஒருவரையொருவர் அறியார். இரண்டாம் தாலி கட்டும்போது ஒருவர் குறையை ஒருவர் முற்றும் அறிவர். அறிந்த பின்னும் கட்டுதற்கும் ஏற்றற்கும் இசைதலே அதன் சிறப்பு. அச்சிறப்பு உண்மையாதல் வேண்டுமாயின், குடநீர் தலையில் வீழுமுன், சொல்லப்படாது நெஞ்சிற் கிடந்த பழம்பிழை ஒன்றேனும் கணவன் வாயினின்றும் மனைவி வாயினின்றும் வெளிப்படுதல் வேண்டும். விருந்தும் பந்தலும் இல்லாதார்க்கும் இஃது இயலும். பொருட்செலவு இதற்கு இல்லை.

இருவருள் ஒருவர் முன்னர்ச் செல்லுதல் உலகியற்கை. பின்னின்றார்க்கு எஞ்சுவது, பிரிவின் துயரமும், வாழ்ந்த வாழ்வின் நினைவுமேயாம். அந்நினைவில், சொல்லாது விட்ட சொல்லும் கேளாது விட்ட பிழையும் மிகுந்திருப்பின் துயரம் ஆற்றுதற்கு அரிது. அவை தீர்ந்திருப்பின் துயரத்தினூடே ஒரு தெளிவு நிற்கும். பின்னின்றாரை மங்கலமில்லாதாரென ஒதுக்காது நடுவில் அமர்த்திப் பேணுதல் மக்களின் கடன். அக்கடனை 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பேணுகைச் சட்டமும் வற்புறுத்துகின்றது; ஆயின் பெற்றோர் ஒருவரையொருவர் பேணிய முறையைக் கண்டு வளர்ந்த மக்கட்குச் சட்டம் வேண்டாவாம்.

இதுகாறும் கூறியவாற்றான், முதுமைக்கண் நலந்தருவது குற்றமறியாத இல்லறமன்று, குற்றத்தை மறைத்து நாளெண்ணிய இல்லறமுமன்று. துணையின் சொல்லை மதித்து, சினத்தினும் பணி வழுவாது, பிழையைத் தன்னதென ஒப்புக்கொள்ளும் இல்லறமே என்பது போதரும். மூப்பு நீங்கி இளமை வருதல் தில்லைக் குயவனார்க்குத் திருவருளால் நிகழ்ந்தது. மற்றையோர்க்கு உடம்பின் இளமை மீளாது. ஆயின் நெஞ்சில் ஏறிய மூப்பு நீங்குதற்கு வழி அடைபட்டிலது. தண்டின் ஒருதலையைப் பற்றியுள்ளார் மறுதலையைப் பற்றியிருப்பாரை இன்றே நோக்குவாராக. சொல்லவேண்டியதனை இன்றே சொல்வாராக.

திருச்சிற்றம்பலம்.